போகும்போது எட்டு மணி, வரும்போது ஏழு மணி: விமானத் தூரமும் பயண நேரமும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன?

லண்டனிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால், ஓரிடத்தில் 5,555 என்று வரும். இன்னோரிடத்தில் 3,450. மூன்றாவது இடத்தில் 3,000. பயண நேரத்தைத் தேடினால் குழப்பம் இன்னும் கூடும். தூரக் கணிப்பான் ஒன்று ஆறரை மணி நேரம் என்கிறது. டிக்கெட்டில் எட்டு மணி நேரம் என்றிருக்கிறது. திரும்பி வரும் டிக்கெட்டில் ஏழு மணிதான். நகரங்களும் அவையே, விமானமும் அதே ரகம். அப்படியானால் இதில் எது சரி?

எல்லாமே சரிதான். ஒவ்வோர் எண்ணும் வேறொரு கேள்விக்கான பதில். தூரத்தைக் கேட்டால் எந்தத் தூரம் என்றும், நேரத்தைக் கேட்டால் எந்த நேரம் என்றும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. முதலில் எளிதான குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மேலே சொன்ன மூன்று தூரங்களும் ஒன்றேதான்: 5,555 கிலோமீட்டர், 3,450 மைல், 3,000 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். விமானிகளும் கப்பலோட்டிகளும் இன்றும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வேகத்துக்கு அவர்கள் சொல்லும் 'நாட்' என்பது மணிக்கு ஒரு கடல் மைல்.

## வரைபடத்தில் நேர்கோடு, உருண்டையில் வளைவு

தூரக் கணிப்பான் தளங்கள் எதுவும் விமானத்தைப் பின்தொடர்ந்து அளப்பதில்லை. இரண்டு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமியின் மேற்பரப்பில் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளத்தைக் கணக்கிடுகின்றன. அந்தக் கோட்டுக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியைச் சரிபாதியாக வெட்டும் வட்டம் எதுவோ அதுதான் பெருவட்டம். அதன் ஒரு துண்டுதான் இந்தப் பாதை. நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். மற்ற அட்சரேகைகள் எதுவும் பெருவட்டம் இல்லை. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

பெய்ஜிங்கும் நியூயார்க்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், அதாவது வடக்கே 40 பாகை அளவில் இருக்கின்றன. சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் இரண்டையும் இணைக்க ஒரு படுக்கைக் கோடு போதும். ஆனால் அந்த அட்சரேகையை ஒட்டியே கிழக்கு நோக்கிப் பறந்தால் சுமார் 14,400 கி.மீ. போக வேண்டும். பெருவட்டப் பாதையில் போனால் சுமார் 11,000 கி.மீ.தான். மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் மிச்சம். அந்தப் பாதை எங்கே போகிறது என்றால், நேராக வடக்கே ஏறி, வட துருவத்துக்கு சுமார் 700 கி.மீ. அருகே வரை சென்று, அப்புறம் தெற்கே இறங்குகிறது. உலக உருண்டை ஒன்றை எடுத்து இரண்டு நகரங்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் இது கண்ணுக்கே தெரியும்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் 1569-ல் மெர்கேட்டர் வரைந்த வரைபட முறை. அது கப்பலோட்டிகளுக்காக உருவானது. திசைகாட்டியில் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வரும் பாதை, அந்த வரைபடத்தில் நேர்கோடாக விழும். அந்தக் காலத்துக் கடற்பயணத்துக்கு அது பெரிய வசதி. பதிலுக்கு, துருவங்களை நோக்கிப் போகப் போக நிலப்பரப்புகள் பூதாகரமாகிவிடும். ஆப்பிரிக்காவில் பதினான்கில் ஒரு பங்குதான் கிரீன்லாந்து. வரைபடத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும். 'விமானம் ஏன் இவ்வளவு சுற்றிப் போகிறது?' என்று இருக்கை முன்னாலிருக்கும் திரையைப் பார்த்துக் கேட்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது சுற்று வழியை அல்ல, குறுக்கு வழியைத்தான்.

இந்தக் கணக்கிலும் சின்ன வித்தியாசங்கள் வரும்.

1. பூமியைச் சரியான உருண்டையாக, 6,371 கி.மீ. ஆரம் உள்ளதாக வைத்துக்கொண்டால் லண்டன்–நியூயார்க் தூரம் சுமார் 5,540 கி.மீ. வரும். உண்மையில் பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையானது. அதையும் கணக்கில் சேர்த்தால் சுமார் 5,555 கி.மீ. இப்படித் துல்லியமாகக் கணக்கிட 1975-ல் தாடியஸ் வின்சென்டி வெளியிட்ட சூத்திரங்கள் இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன.

2. சில தளங்கள் நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு அளக்கும், சில விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு. டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஹானெடாவோ நகரத்தை ஒட்டியே இருக்கிறது.

3. தரையில் அளந்த தூரத்தை விட, பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் வட்டம் பெரிதாகி தூரம் கூடாதா என்று கேட்பார்கள். கூடும். 15,000 கி.மீ. பயணத்துக்கு ஒரு 26 கி.மீ. அவ்வளவுதான். அதை மறந்துவிடலாம்.

எந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலான தூரம் சுமார் 20,000 கி.மீ.க்கு மேல் போகவே முடியாது. அது பூமியின் சுற்றளவில் பாதி. அதற்கு மேல் ஓர் எண் காட்டினால், அது சுற்று வழியின் நீளம்.

## பறக்கும் தூரம் ஏன் கூடுதல்?

பெருவட்டத் தூரம் என்பது ஒரு கீழ் எல்லை. அதைவிடக் குறைவாக யாரும் பறக்க முடியாது. அதையே பிடித்துப் பறப்பதும் அபூர்வம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018-ல் நியூயார்க் பகுதியின் நுவார்க் விமான நிலையத்துக்கு இடைநில்லாச் சேவையை மறுபடியும் தொடங்கியது. அதன் பெருவட்டத் தூரம் 15,300 கி.மீ. சொச்சம். விமானம் பறக்கும் தூரம் என்று நிறுவனம் சொன்னதோ சுமார் 16,700 கி.மீ. அந்த ஆயிரத்துச் சொச்சம் எங்கிருந்து வருகிறது?

1. ஓடுபாதையின் திசை. விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். போக வேண்டிய ஊர் வடக்கே இருந்தாலும் முதலில் தெற்கே கிளம்பித் திரும்ப வேண்டிவரலாம்.

2. வரையறுக்கப்பட்ட தடங்கள். வட அட்லாண்டிக் கடலின் நடுவே தரை ராடார் எட்டாது. அதனால் அங்கே போகும் விமானங்களுக்காக ஒவ்வொரு நாளும் வானில் தடங்கள் வகுக்கப்படுகின்றன. கிழக்கே போகிறவற்றுக்கு ஒரு தொகுப்பு, மேற்கே போகிறவற்றுக்கு வேறொரு தொகுப்பு. அன்றைய காற்றைப் பொறுத்து இவை நகரும்.

3. இரண்டு இன்ஜின் விமானங்களுக்கான விதி. ஒரு இன்ஜின் நின்றுபோனாலும் மற்றொன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்ட வேண்டும். பழைய காலத்தில் இது 60 நிமிடம். 1980-களில் 120 ஆகி, பிறகு 180 ஆனது. ஏர்பஸ் ஏ350 ரகத்துக்கு 2014-ல் 370 நிமிடம் வரை அனுமதி கிடைத்தது. வட அட்லாண்டிக்கில் இதை இன்று யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் சிட்னியிலிருந்து சிலி நாட்டின் சாண்டியாகோவுக்குப் போகிற 11,300 கி.மீ. பெருவட்டப் பாதை, தெற்கே 60 பாகையைத் தாண்டி அண்டார்க்டிகா பக்கம் இறங்குகிறது. வழியில் இறங்க ஊரே இல்லை. இப்படிப்பட்ட வழிகளில் நான்கு இன்ஜின் போயிங் 747 நெடுங்காலம் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. யாருடைய வான்வெளி என்ற கேள்வி. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

## மூடிய வானம்

ஒரு நாட்டின் மேலுள்ள வான்வெளி முழுக்க அந்த நாட்டுக்கே உரியது என்பது 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் முதல் விதி. மேலே பறந்து கடக்க அனுமதி வேண்டும், பெரும்பாலான நாடுகளில் கட்டணமும் உண்டு. அனுமதி இல்லையென்றால் சுற்றிப் போவதைத் தவிர வழியில்லை.

ஹெல்சின்கி–டோக்கியோ வழித்தடத்தை எடுத்துக்கொள்ளலாம். பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கி.மீ. அந்தப் பாதையின் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல் போகிறது. பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் தன் வணிகத்தையே இந்தக் குறுக்கு வழியின் மேல் கட்டியது. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்குப் போக மிகக் குறுகிய வழி ஹெல்சின்கிதான் என்பதே அதன் விளம்பரம். பயணம் ஒன்பது மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்கு வானை மூடின. ரஷ்யா பதிலுக்குத் தன் வானை மூடியது. ஃபின்ஏர் அதற்கடுத்த மாதமே வட துருவத்தின் மேலாகப் பறந்து, அலாஸ்கா பக்கம் தெற்கே திரும்பி, பசிபிக் வழியாக டோக்கியோ போகத் தொடங்கியது. பறக்கும் தூரம் ஏறக்குறைய 13,000 கி.மீ., நேரம் பதின்மூன்று மணி. துருவத்தைத் தாண்டியதற்காகப் பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். நான்கு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்ததற்கு அது ஆறுதலா என்பது வேறு கதை.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வானம் மேற்கத்திய விமானங்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டே இருந்தது. ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ போகிறவர்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனார்கள். ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் கோபன்ஹேகன்–ஆங்கரேஜ்–டோக்கியோ சேவையை 1957-லேயே தொடங்கிவிட்டது. 1983-ல் ஃபின்ஏர் அதே துருவச் சுற்று வழியில், ஆங்கரேஜில் நிற்காமலேயே டோக்கியோ போனது. 2022-ல் அது திரும்பப் போய் நின்றது கிட்டத்தட்ட அதே வழியில்தான்.

தூரக் கணிப்பான் தளங்களுக்கு இது எதுவும் தெரியாது. ஹெல்சின்கி–டோக்கியோ என்று தட்டினால் அவை இன்றும் 7,800 கி.மீ. என்றே சொல்லும். நகரங்கள் இருந்த இடத்தில்தானே இருக்கின்றன.

## எந்த வேகத்தில்?

இப்போது நேரத்துக்கு வருவோம். பெரிய பயணிகள் விமானங்கள் ஒலியின் வேகத்தில் சுமார் 85 விழுக்காட்டில் பறக்கின்றன. ஒலியின் வேகம் காற்றின் குளிரைப் பொறுத்தது. பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 பாகை அளவில் இருக்கும். அங்கே ஒலி மணிக்கு சுமார் 1,060 கி.மீ. வேகத்தில்தான் போகும். அதில் 85 விழுக்காடு என்றால் மணிக்கு ஏறத்தாழ 900 கி.மீ.

ஆனால் இந்த 900 என்பது காற்றுக்குள் விமானத்தின் வேகம். காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரையை வைத்துப் பார்க்கும் வேகம் வேறாகிவிடும். அதைத் தரைவேகம் என்கிறோம். நாம் ஊர் போய்ச் சேரும் நேரத்தைத் தீர்மானிப்பது தரைவேகம். எரிபொருள் செலவாவது காற்றுக்குள் போகும் வேகத்துக்கு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் மீதிக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

முழு வேகமும் முழு வழிக்கும் கிடைப்பதில்லை. மேலேற அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும், இறங்கவும் ஏறக்குறைய அவ்வளவு. சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்குக் கீழே பல நாடுகளில் 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதனால் தூரத்தை 900-ஆல் வகுப்பதைவிட, 850-ஆல் வகுத்து அரை மணி நேரம் சேர்ப்பது நடப்புக்கு நெருக்கமாக வரும். லண்டன்–நியூயார்க்குக்கு இப்படிப் போட்டால் ஏழு மணி நேரம் வருகிறது. தளங்கள் காட்டும் ஆறரை மணி என்பது ஏறுவதையும் இறங்குவதையும் கணக்கில் எடுக்காத வெறும் வகுத்தல்.

## கண்ணுக்குத் தெரியாத ஆறு

நடு அட்சரேகைகளில், சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒடுங்கிய பட்டையாகக் காற்று பாய்கிறது. அதுதான் ஜெட் ஸ்ட்ரீம். மணிக்கு 200 கி.மீ. சாதாரணம், குளிர்காலத்தில் 300-ஐத் தாண்டுவதும் உண்டு. பயணிகள் விமானங்கள் பறப்பதும் இதே உயரத்தில்தான்.

இதை முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓய்ஷி. 1920-களில் ததேனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றைக் கண்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று நினைத்து முடிவுகளை, உலகப் பொதுமொழியாகச் செயற்கையாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். விளைவு, வெளியே அநேகமாக யாரும் படிக்கவில்லை.

இந்தக் காற்று பின்னாலிருந்து தள்ளினால் என்ன ஆகும் என்பதற்கு 2020 பிப்ரவரியில் ஒரு நல்ல சாட்சி கிடைத்தது. சியாரா புயல் சமயத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழியில் அதன் தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. 'ஒலியின் வேகத்தைத் தாண்டிவிட்டது' என்று அப்போது பலர் எழுதினார்கள். தாண்டவில்லை. தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டால் அது வழக்கமான வேகத்தில்தான் போனது. காற்று மொத்தமும் சேர்ந்து கிழக்கே ஓடியது. ஒலியை உண்மையிலேயே தாண்டிப் பறந்த கான்கார்டு விமானம் 1996-ல் இதே வழியை 3 மணி நேரத்துக்கும் குறைவாகக் கடந்தது.

போகும்போது இழப்பதை வரும்போது பெற்றுவிடலாமே, சராசரி சமம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தூரம் 5,550 கி.மீ., விமானத்தின் வேகம் மணிக்கு 900, காற்று மணிக்கு 100 என்று வைத்துக்கொள்வோம்.

1. காற்று பின்னாலிருந்து: தரைவேகம் 1,000. நேரம் 5 மணி 33 நிமிடம்.
2. காற்று எதிரே: தரைவேகம் 800. நேரம் 6 மணி 56 நிமிடம்.
3. போக வர மொத்தம் 12 மணி 29 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 20 நிமிடம்தான்.

ஒன்பது நிமிடம் நஷ்டம். காரணம் எளிது: எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரம், சாதகமான காற்றில் போகும் நேரத்தைவிட அதிகம். அதனால் நஷ்டம் எப்போதும் லாபத்தை மிஞ்சும். இந்த நஷ்டத்தைக் குறைக்கத்தான் மேற்கே போகிற விமானங்கள் ஜெட் ஸ்ட்ரீமை விட்டு ஒதுங்கிப் போகின்றன, கிழக்கே போகிறவை தேடிப் போய் அதில் ஏறிக்கொள்கின்றன. போகும் பாதையும் வரும் பாதையும் திரையில் வேறு வேறாகத் தெரிவதன் காரணம் இதுதான்.

இதன் உச்சம் டெல்லி–சான்ஃபிரான்சிஸ்கோ. பெருவட்டத் தூரம் சுமார் 12,400 கி.மீ. ஏர் இந்தியா முதலில் மேற்கு நோக்கி அட்லாண்டிக் வழியே சுமார் 13,900 கி.மீ. பறந்தது. 2016 அக்டோபரில் திசையையே மாற்றி, கிழக்கு நோக்கிப் பசிபிக் வழியே போய்ப் பார்த்தது. தூரம் சுமார் 15,300 கி.மீ., அதாவது 1,400 கி.மீ. அதிகம். ஆனால் பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு. மேற்கே போகையில் எதிர்த்து நின்ற அதே மேலைக்காற்று, கிழக்கே போகையில் பின்னாலிருந்து தள்ளியது. விமானத் தூரம் பற்றி ஒரே ஓர் உதாரணம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். தரையில் நீளமான வழி, காற்றில் குட்டையான வழி. விமான நிறுவனங்கள் தேடுவது இரண்டாவதை.

## பூமி சுழல்வதால்தானே?

கிழக்குப் பயணத்துக்கும் மேற்குப் பயணத்துக்கும் உள்ள நேர வித்தியாசத்துக்கு இன்னொரு விளக்கம் சமூக ஊடகங்களில் ஓயாமல் சுற்றுகிறது: பூமி கீழே சுழல்கிறது, அதனால் ஒரு பக்கம் போக நேரம் குறையும் என்று. இது தவறு. நிலநடுக்கோட்டில் பூமி மணிக்கு சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது. அது நேரடியாக வேலை செய்தால் விமானம் மேலே எழும்பிச் சும்மா நின்றாலே போதும், மேற்கே உள்ள ஊர் தானாக வந்து சேரும். அப்படி நடப்பதில்லை. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. ஓடும் ரயிலுக்குள் மேலே எறிந்த பந்து கையிலேயே வந்து விழுவதைப் போலத்தான் இதுவும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பூமி சுழல்வது மேற்கிலிருந்து கிழக்காக. அந்த வாதப்படி மேற்கே போகிற பயணம்தான் சீக்கிரம் முடிய வேண்டும். நடப்பது நேரெதிர்.

ஆனால் சுழற்சிக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வெப்பமண்டலத்திலிருந்து துருவம் நோக்கி நகரும் காற்றைக் கிழக்குப் பக்கம் திருப்பிவிடுவது பூமியின் சுழற்சிதான். ஜெட் ஸ்ட்ரீம் பிறப்பதே அப்படித்தான். சுழற்சி காற்றைத் திருப்புகிறது, காற்று விமானத்தைத் தள்ளுகிறது. நடுவிலிருக்கும் காற்றை விட்டுவிட்டால் விளக்கம் தலைகீழாகிவிடும்.

## டிக்கெட்டில் இருக்கும் நேரம்

டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரம் அல்ல. நின்ற இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல், போய்ச் சேர்ந்த ஊரில் வாயிலருகே வந்து நிற்பது வரை உள்ள மொத்த நேரம். தொழிலில் இதை 'பிளாக் டைம்' என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பிறகு ஊர்ந்து வருவது எல்லாம் இதில் அடக்கம். நெரிசலான நிலையங்களில் இதற்கே அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும்.

அதற்கு மேல் நிறுவனங்கள் ஒரு கைப்பிடி நிமிடங்களைச் சேர்த்தும் வைக்கின்றன. அமெரிக்காவில் அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது 'சரியான நேரத்தில் வந்த விமானம்' என்று கணக்கு. அட்டவணையில் தாராளமாக நேரம் போட்டுவிட்டால், தாமதமாகக் கிளம்பிய விமானமும் சரியான நேரத்தில் வந்ததாக ஆகிவிடும். 'முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டோம்' என்று அறிவிப்பு வரும்போது கைதட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

## கடிகாரக் கணக்கு

புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சிடப்படும். இரண்டையும் நேரடியாகக் கழிக்கக் கூடாது. சிங்கப்பூரில் இரவு 11:30-க்குப் புறப்படுகிற விமானம் நியூயார்க்கில் மறுநாள் காலை 5:30-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் ஆறு மணி நேரம். கணக்கிடும் முறை இது:

1. உலகப் பொதுநேரத்திலிருந்து சிங்கப்பூர் 8 மணி முன்னால். நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி பின்னால்.
2. இரண்டுக்கும் இடைவெளி 13 மணி. சிங்கப்பூரில் இரவு 11:30 என்றால் நியூயார்க்கில் அதே நாள் காலை 10:30.
3. அங்கிருந்து மறுநாள் காலை 5:30 வரை 19 மணி நேரம். அதுதான் பயணம்.

கோடையில் நியூயார்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள், சிங்கப்பூர் வைப்பதில்லை. அப்போது இடைவெளி 12 மணிதான். விமானத்தின் வேகம் மாறாமலே, அதே புறப்படும் நேரத்துக்குச் சேரும் நேரம் மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டினால் இன்னும் வேடிக்கை. சமோவாவின் ஏபியாவுக்கும் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கும் இடையே கடல்வழியில் சுமார் 130 கி.மீ.தான். விமானத்தில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் சமோவா 2011 டிசம்பர் 30-ஆம் தேதியை அப்படியே விட்டுவிட்டுத் தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவியது. இன்று இரு ஊர்களுக்கும் சரியாக 24 மணி நேர இடைவெளி. ஏபியாவில் திங்கட்கிழமை மதியம் ஏறினால் பாகோ பாகோவில் ஞாயிற்றுக்கிழமை மதியம் இறங்கலாம்.

## தூரம் முந்தியதா, திசை முந்தியதா?

இத்தனையும் ஒன்றுசேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதைப் பார்க்க, ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமான நிறுவனம் 2019-ல் நடத்திய இரண்டு சோதனைப் பயணங்கள் போதும். மிக நீண்ட இடைநில்லாப் பயணம் மனித உடலை என்ன செய்கிறது என்று ஆராய, போயிங் 787-9 விமானத்தில் ஐம்பது பேர் அளவில் மட்டும் ஏற்றிக்கொண்டு பறந்தார்கள். அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு, நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு.

நியூயார்க்–சிட்னி பெருவட்டத் தூரம் சுமார் 16,000 கி.மீ. லண்டன்–சிட்னி சுமார் 17,000. ஆயிரம் கிலோமீட்டர் வித்தியாசம் என்றால் வகுத்தல் கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வர வேண்டும். வந்தது மூன்று நிமிடம். நியூயார்க்கிலிருந்து 19 மணி 16 நிமிடம், லண்டனிலிருந்து 19 மணி 19 நிமிடம். முதல் விமானம் மேற்கு நோக்கிப் போனது, இரண்டாவது கிழக்கு நோக்கி.

சிட்னி–லண்டன் இடைநில்லாச் சேவைக்காக அந்த நிறுவனம் எரிபொருள் கொள்ளளவு கூட்டிய ஏ350-1000 விமானங்களைத் தனியாக வாங்குகிறது. அந்த விமானங்களுக்கு உண்மையான சோதனை லண்டனிலிருந்து வருவது அல்ல, சிட்னியிலிருந்து லண்டனுக்குப் போவது. ஒரு வழித்தடத்தில் எந்த விமானம் ஓட முடியும், எத்தனை பேரை ஏற்றலாம், எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதையெல்லாம் முடிவுசெய்வது இரண்டு திசைகளில் மோசமான திசை, அதிலும் அந்தத் திசையின் குளிர்காலத்து எதிர்க்காற்று.